டைட்டானியம் சைக்ளோகிராஸ்: வார நாளில் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை செம்மண்ணுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் ஜம்போரி (பலர் கூடி மண்தடத்தில் ஓட்டும் சைக்கிள் நிகழ்ச்சி) ஓடவும் ஒரே டைட்டானியம் சைக்ளோகிராஸ் (சகதியும் தடுப்பும் கடக்கும் பந்தய வகை) சைக்கிள் போதுமா? போதும். ஆனால் எல்லாத் தகராறையும் பிரேம் செய்யும் பட்டறைக்கு அனுப்பும் வரைபடத்திலேயே தீர்த்துவிட வேண்டும். இரும்பு பிரேம் என்றால் மறந்துபோன ஒரு மட்கார்டு பிடியைப் பிறகு பித்தளை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். டைட்டானியத்தை ஊரில் எந்த வெல்டிங் பட்டறையும் தொடாது, தொடவும் விடக்கூடாது. பட்டறிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அளவு வேண்டும்.

*

டயரில் தொடங்குங்கள். யு.சி.ஐ. (உலக சைக்கிள் பந்தயச் சங்கம்) விதிப்படி சைக்ளோகிராஸ் டயர் 33 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தோட்டத்து ஜம்போரியில் அதை அளக்க யாரும் வரமாட்டார்கள், ஆகவே 33க்கு மட்டும் இடம் விட்டுப் படம் போடுவது வீண். 40 டயர், இரு பக்கமும் 6 மி.மீ. காலியிடம் என்று வைத்தால் செயின் ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் இரு குழாய்கள்) இரண்டுக்கும் இடையில் 52 மி.மீ. வரும். மழை பெய்த மறுநாள் செம்மண் களியாகி டயரோடு சுற்றும். அந்த 6 மி.மீ. இல்லையென்றால் களியில் ஒட்டிய பொடிக்கல் குழாயை அரம் போல ராவும். வார நாளில் 35 டயரும் 45 மி.மீ. மட்கார்டும் உட்காருவதும் அதே 52க்குள்தான்.

உண்மையான நெருக்கடி கிராங்க் பக்கம். 40 பல் சக்கரமும் 40 டயரும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். செயின் ஸ்டே 430 மி.மீ. வைத்து, வலப்பக்கக் குழாயை அங்கே நசுக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த இடத்துக்குக் கடைந்தெடுத்த யோக் (குழாய்க்குப் பதில் வரும் இணைப்புத் துண்டு) கேளுங்கள். 425க்கு ஆசைப்பட்டால் மட்கார்டு சீட் டியூபில் உரசக்கூடும்.

ஹெட் டியூப் (ஃபோர்க் தண்டு நுழையும் முன் குழாய்) கோணம் 71.5 டிகிரி, ஃபோர்க் ரேக் (திருப்பும் அச்சிலிருந்து முன் சக்கர அச்சு தள்ளியிருக்கும் அளவு) 47 மி.மீ., ஃபோர்க் நீளம் 395, பி.பி. (பெடல் அச்சு உட்காரும் குழி) சக்கர அச்சுக்குக் கீழே இறக்கம் 68. 33 டயரில் டிரெயில் (திருப்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) ஏறக்குறைய 65 மி.மீ. வரும். சகதியிலும் நிதானம், லோரிக்குப் பக்கத்திலும் நிதானம். ஃபோர்க்கை முதலில் முடிவு செய்யுங்கள், படம் பிறகு. ஃபோர்க் 10 மி.மீ. நீளமானால் ஹெட் கோணம் சுமார் அரை டிகிரி படுத்துவிடும், பி.பி.யும் மேலே ஏறும்.

*

அண்ணே, தோளில் தூக்குவதை விட்டுவிட்டீர்கள். விதிப்படி தடுப்புப் பலகை 40 செ.மீ. வரை இருக்கலாம். நம் தோட்டத்தில் பலகைக்குப் பதில் சாய்ந்து கிடக்கும் மரம், கான் (வடிகால்), வரப்பு. எப்படியும் இறங்கித் தூக்க வேண்டும். டாப் டியூப் அடியில் கேபிளே ஓடக்கூடாது. குழாயின் அடிப்பக்கம் லேசாகத் தட்டையாக இருந்தால் தோள் தப்பும். தண்ணீர்ப் புட்டிக்கான மரைகளை வைத்துக்கொள்ளுங்கள், போட்டியன்று கூண்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளைக் கிரீஸ் தடவிய போல்ட்டால் மூடுங்கள். திறந்து விட்டால் தண்ணீர் உள்ளேதான்.

*

குழாய் பற்றி. பிரேமுக்கு வழக்கம் கிரேடு 9, அதாவது 3 விழுக்காடு அலுமினியம், 2.5 விழுக்காடு வனேடியம். கிரேடு 5 (6 அலுமினியம், 4 வனேடியம்) இன்னும் வலுவானது, அதனால் டிராப் அவுட் (பின் சக்கர அச்சைப் பிடிக்கும் துண்டு) போன்ற கடைந்தெடுக்கும் துண்டுகளுக்கு. “முழுக்க கிரேடு 5” என்ற விளம்பரத்துக்கு மயங்கக் காரணம் இல்லை. டைட்டானியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய பாதிதான், குழாயின் விட்டத்தைக் கூட்டித்தான் அதை ஈடு செய்ய வேண்டும். கனமான ஆள், பின்னால் ரேக், அதில் மடிக்கணினி என்றால் டவுன் டியூப் (கீழ்க்குழாய்) விட்டம் 44 மி.மீ. கேளுங்கள்.

பிரேம் வந்ததும் வெல்டின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளி நிறம் நல்லது, வெளிர் வைக்கோல் நிறம் பரவாயில்லை. அடர்நீலம், சாம்பல், வெள்ளைப் பொடி என்றால் சூடு ஆறுமுன் ஆர்கான் வாயுக் காவல் விலகிக் காற்று பட்டிருக்கிறது. உயிர்வாயுவைக் குடித்த டைட்டானியம் நொறுங்கும் குணம் கொள்ளும். அப்படி வந்த பிரேமைப் பூட்டாமலே திருப்பி அனுப்புங்கள். வெளியே பாலிஷ் போட்டு நிறத்தை மறைக்க முடியும், ஆகவே சீட் டியூப் வாய்க்குள்ளும் பி.பி. குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பாலிஷ் எட்டாது.

*

இங்கே முக்கால்வாசித் தலைவலி மரையில்தான் வரும்.

டைட்டானியம் துருப்பிடிக்காது, சரி. அதில் திருகிய அலுமினியம் அரிக்கும். இரண்டு உலோகத்துக்கும் நடுவே மழைத் தண்ணீரோ வேர்வை உப்போ போனால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகி உப்பி, கல்லாட்டம் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்துக்கு இது சீக்கிரமே வரும்லா. பி.பி. கப், சீட் போஸ்ட் இரண்டும் முதல் பலி.

பி.பி.க்கு பி.எஸ்.ஏ. (கப்பைத் திருகிப் பொருத்தும் வகை) மரை கேளுங்கள், அகலம் 68 மி.மீ. அழுத்திப் பொருத்தும் வகை வேண்டாம், சகதி போனதும் கிறீச்சென்று கத்தும். மரையைச் சுத்தப்படுத்தி, குழியின் விளிம்பைச் சமன் செய்து அனுப்பச் சொல்லி முன்பே எழுதிவிடுங்கள், ஏனென்றால் டைட்டானியத்தை மழுங்கிய கட்டர் வெட்டாது, பிய்க்கும். பசார் பக்கத்துக் கடையில் கூரான கட்டர் இருக்குமென்று நம்பாதீர்கள். மரை முழுக்கச் செம்பு கலந்த ஆன்டி சீஸ் (உலோகம் ஒட்டாமல் தடுக்கும் பசை) பூசி, கையால் நாலைந்து சுற்று, பிறகு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம். வலப்பக்கம் இடஞ்சுழி மரை. கையால் ஏறவில்லை என்றால் நிறுத்துங்கள். ஸ்பேனரால் அழுத்தினால் மரை கவ்விக்கொள்ளும், பிறகு கப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சீட் போஸ்ட் 27.2, கார்பன் என்றால் உராய்வுப் பசை, அலுமினியம் என்றால் ஆன்டி சீஸ். எதுவானாலும் மாதம் ஒருமுறை வெளியே இழுத்துத் துடையுங்கள். பி.பி. அடியில் 5 மி.மீ. வடிகால் ஓட்டை ஒன்றும் கேளுங்கள்.

டிராப் அவுட்டில் யு.டி.எச். ஹேங்கர் (பின் கியர் மாற்றி தொங்கும், பல பிரேம்களுக்குப் பொதுவான துண்டு) கேளுங்கள். பட்டறைக்கே உரிய ஹேங்கர் வளைந்தால் கடல் கடந்து வரவழைக்க வேண்டியிருக்கும். பின் ஆக்ஸில் 12 மி.மீ. தடிமன், 142 மி.மீ. அகலம். மாற்று ஆக்ஸில் வாங்கும்போது மரை இடைவெளியையும் பாருங்கள், 1.0, 1.5, 1.75 மி.மீ. எல்லாம் உண்டு.

*

கியர்: முன்னே 40 பல், பின்னே 11–42 பல். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் உச்சக் கியரில் மணிக்கு ஏறக்குறைய 42 கி.மீ. வரும், ஈப்போ சடக்குக்கு அது தாராளம்.

*

40 பல்லில் உடன்பாடு. பிரேக் பேடை மட்டும் மறக்காதீர்கள். செம்மண் கலந்த தண்ணீரில் ரெசின் பேடு ஒரே ஈரப் போட்டியில் கரைந்துபோகும். சின்டர் உலோகப் பேடு போடுங்கள், ரோட்டார் அதைத் தாங்கும் ரகமா என்று பார்த்துவிட்டு. பிரேக் எண்ணெயில் டாட் வகை ஈரம் உறிஞ்சும், மினரல் எண்ணெய் உறிஞ்சாது. இந்த ஊருக்கு இரண்டாவது நல்லது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் சீல் கெடும்.

செம்பனை மட்டை முள் டயரைக் குத்தினால் உடனே பிடுங்காதீர்கள். முள்ளோடே வீடு வந்து, பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், சீலன்ட் (டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம்) அடைக்கும். 33 டயருக்கு 45 மி.லி. ஊற்றலாம். இந்தச் சூட்டில் இரண்டு மாதத்தில் ரப்பர் பாலாட்டம் உறைந்துவிடும். சக்கரத்தைக் குலுக்கிப் பாருங்கள், சளசளப்பு இல்லையென்றால் மறுபடி ஊற்றுங்கள். போட்டிக்கு 28 பி.எஸ்.ஐ., வேலைக்குப் போகும் 35 வழுக்கு டயரில் 45. உதிரிப் பழம் நசுங்கிக் கிடக்கும், செம்பனைக் குலை குவிக்கும் மேடைப் பக்கம் எந்த அழுத்தமும் உதவாது, இறங்கித் தள்ளுங்கள்.