நூலகத்துக்குள்ள மடிப்புச் சிற்பம் வேணுமா?

வாவிக்கரையாள்:
மட்டக்களப்பில நூலக முன்மண்டபம் ஒண்டில கடதாசி மடிப்புச் சிற்பம் தொங்கோணும் எண்டு எனக்கு நெடுநாள் ஆசை. கீழ வெறுந்தாள், அதில இருந்து கொக்குகள் கிளம்பி மேல போகோணும். வெட்டுறதும் இல்ல, ஒட்டுறதும் இல்ல. ஒரே தாள் மடிய மடிய வேறொண்டா மாறுது. வாசிக்கிற புள்ளையும் அப்பிடித்தானே?

கல்லடிக்காரன்:
தங்கச்சி, ஆசை நல்லம். காசு? நம்மட பக்கத்து வாசிகசாலையில உயர்தரப் புள்ளையள் பழைய பாடத்திட்டப் புத்தகத்தத்தான் புரட்டுதுகள். மாரி வந்தா அலுமாரிக்குள்ள பூஞ்சணம். முதல்ல புத்தகம் வாங்குங்க. மறுகா, வாவிக் காத்துக்கு இரும்பு துருப்பிடிக்கும், கடதாசி தொய்ஞ்சு போகும்.

வாவிக்கரையாள்:
அலுமினியத் தகட்டில செய்யலாம் அண்ணன். புத்தகம் வாங்கி வச்சாலும் புள்ள உள்ள வரோணுமே! என்ட மகன் வாசலோட திரும்பிருவான்.

ஏட்டுப்பித்தன்:
எனக்குக் கொக்குதான் ஒத்துவரல்ல. அணுகுண்டுக் கதிர்வீச்சால நோய் வந்து, கடதாசிக் கொக்கு மடிச்சு மடிச்சு 12 வயசில செத்த சடாகோ சசாகியிட நினைவா ஹிரோஷிமாவில 1958 இல சிறுவர் சின்னம் எழும்பினது. கடதாசிக் கொக்கு அவங்கட துயரம். நம்மட கதை வேற. காய்ஞ்ச பனையேட்ட மடிச்சா வெடிச்சிரும். அதாலதான் துளையிட்டுக் கயித்தில கோத்தாங்க. மடிப்பு வந்தது கடதாசியோட. பெரிய தாளொண்ட 3 தரம் மடிச்சா 8 ஏடு, 16 பக்கம். அப்பிடி மடிச்ச கட்டுகளத் தைச்சுத்தான் புத்தகம் கட்டினாங்க. தைச்சுக் கட்டின தடிச்ச புத்தகமொண்ட எடுத்து முதுகுப் பக்கம் மேல இருந்து பாருங்க, தெரியும். காரைதீவில பிறந்த விபுலாநந்தர் பழந்தமிழ் இசைய ஆராய்ஞ்சு எழுதின யாழ் நூல் 1947 இல வரக்குள்ள, ஏட்டுக் காலத்துப் பாட்டுகள் அச்சுத் தாளுக்கு வந்திட்டு. கயித்தில இருந்து மடிப்புக்கு வந்த இந்தப் பயணத்தச் சிற்பமாச் செய்யுங்க.

வாவிக்கரையாள்:
கொக்க விட்டுர்றன். மேல தொங்கவும் வேணாம், நிலத்தில பதிப்பம். விரிச்ச அச்சுத் தாள், அதில மடிப்புக் கோடு, பக்க எண். 1க்குப் பக்கத்தில 16 நிக்கும், சில எண் தலைகீழா இரிக்கும். ஏன் எண்டு புள்ள கேப்பான். பக்கத்தில கடதாசிக் கட்டு வச்சா அவனே மடிச்சுக் கண்டுபிடிப்பான்.

கல்லடிக்காரன்:
நிலத்தில எண்டா துருவுக்குப் பயமில்ல, செலவும் குறையும். அந்தத் தாள் மடிக்கிற இடத்துக்கு நானும் வாறன். ஆனா அலுமாரியில பூஞ்சணம் இரிக்கிற வரைக்கும் நிலத்தில ஒரு கல்லும் பதிக்க ஒத்துக்கொள்ளமாட்டன்.