ரசப் பெருங்காயத்தில் கோதுமை: விலக்கு உணவில் (எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கச் சில உணவுகளை நிறுத்தி வைப்பது) இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மதுரைக்காரி:

என் மகளுக்கு அப்போது 3 மாதம், தாய்ப்பால் மட்டும்தான். மலத்தில் சளியும் நூல் நூலாக ரத்தமும் வந்தது. பசும்பால் புரதம் என் பால் வழியாகப் போய் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், நீங்கள் பாலை விடுங்கள் என்றார் டாக்டர். நெய், மோர் எதுவும் கூடாது. ஆட்டுப்பால், எருமைப்பால்கூட வேண்டாமாம், புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று வாரத்தில் பாதிதான் குறைந்தது, அதனால் முட்டை, சோயா, கோதுமையையும் நிறுத்தச் சொன்னார்.

அரிசியும் தேங்காயும் இருக்கிற நம் வீட்டில் கோதுமையை விடுவது பெரிய விஷயமா என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து ஏதோ தோன்றி பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது! தினம் ரசத்திலும் சாம்பாரிலும் அதைத்தான் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம் கீழமாசி வீதிப் பக்கம் அலைந்து, மாவு கலக்காததா என்று இரண்டு தடவை கேட்டு, பால் பெருங்காயம் வாங்கினேன். பெயரைக் கேட்டதும் அத்தை பதறிவிட்டார். செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால் அது அத்தை, மாட்டுப்பால் இல்லை என்று புரியவைத்தேன். பிசுபிசுவென்று இருக்கும், மிளகு அளவு கிள்ளி வெந்நீரில் கரைத்து ஊற்றினால் போதும், வீடே மணக்கிறது.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த கையோடு அதே மெஷினில் என் கேழ்வரகைக் கொட்டினார்கள், கல்லில் பழைய மாவு அப்படியே ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து வீட்டு மிக்ஸியில்தான் அரைத்துச் சலிக்கிறேன். முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் போட்டுத் தட்டும் அடைதான் என் காலைச் சாப்பாடு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, ஆனாலும் பால் கொடுக்கிற எனக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். அதை யாரும் விட்டுவிடாதீர்கள். பெருங்காயத்தை மாற்றிய இரண்டாவது வாரம் ரத்தம் நின்றது.

கம்பங்கூழ்:

அக்கா, எனக்குச் சாப்பாடு நெஞ்சில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் குடித்தாலும் இறங்காது. எண்டோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்த்து, உணவுக்குழாயில் ஈசினோபில் அணுக்கள் (அலர்ஜியில் பெருகும் ஒரு வகை வெள்ளை ரத்த அணு) சேர்ந்திருக்கிறது என்றார்கள். பால், கோதுமை, முட்டை, சோயா, நிலக்கடலையோடு மற்ற கொட்டைகள், மீன் இறால் நண்டு என்று ஆறு வகையும் 6 வாரம் கட். ரூமில் தங்கி வேலை பார்க்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று அனுபவித்தால்தான் தெரியும். ஹோட்டலில் இட்லி பயமில்லை என்று நம்பிப் போனேன், சட்னியில் நிலக்கடலை. கேட்டால், கெட்டியாக இருக்கப் போடுவோம் தம்பி என்கிறார் மாஸ்டர். அதன் பிறகு சின்னக் குக்கர் ஒன்று வாங்கினேன். கம்பங்கூழில் மோருக்குப் பதில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும், தொட்டுக்கொள்ள சுண்டைக்காய் வற்றல் (மோரில் ஊறவைக்காமல் உப்பில் மட்டும் போட்டது, அதையும் கேட்டுத்தான் வாங்கணும்). பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோபி. எனக்கு ஆகாதது பால் ஒன்றுதான் என்று தெரிய ஒரு வருஷம் ஆனது. கோதுமை ஆகும் என்று தெரிந்த அன்று நான்கு பரோட்டா சாப்பிட்டேன்.

இரட்டையர் அம்மா:

தம்பி செய்ததுபோல டாக்டர் துணையோடு சேர்ப்பது சரி. ஆனால் உடனே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்த பிள்ளைகளுக்கு வீட்டில் "கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம்" என்று யாரும் இறங்காதீர்கள், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கணும். என் சின்னவனுக்கு நிலக்கடலையும் முட்டையும் ஆகாது. ஊரில் பெரியம்மா பாசத்தில் ஒரு கடலைமிட்டாய்த் துண்டை வாயில் வைத்துவிட்டார், அந்த ராத்திரியை இன்னும் மறக்க முடியவில்லை. பிறந்தநாளுக்குக் கேக் கிடையாது. தட்டு நிறைய இடியாப்பத்தை அடுக்கி, மேலே தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி வைப்போம். போன மாதம் பெரியவனும் எனக்கும் அதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தான்.