வேலை வெளிநாட்டுக்குப் போனால், இங்கே மிஞ்சியிருப்பவர்களின் சம்பளம் என்ன ஆகும்?

வரவுசெலவு:
நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பில் சரிபார்ப்பது, வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது மாதிரி வேலைகளை எல்லாம் கம்பெனி வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றிவிட்டது. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் இன்கிரிமென்ட் என்று பேச்செடுத்தாலே, "வேலை இருக்கேன்னு சந்தோஷப்படுங்க" என்கிறார்கள். பொருளாதாரம் படித்த நண்பர் ஒருவரோ, செலவு குறைந்தால் கம்பெனி வளரும், வளர்ந்தால் எல்லாருக்கும் சம்பளம் கூடும் என்று அடித்துச் சொல்கிறார். அந்த "எல்லாரும்" யார்? யாராவது இதை ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

தரவுப்பித்தன்:
நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. டென்மார்க்கில் ஒவ்வொரு தொழிலாளியையும் அவர் வேலை செய்யும் கம்பெனியையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு அரசுப் பதிவுகள் உண்டு. அதை வைத்து ஹம்மல்ஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வேலையை வெளியே அனுப்பிய கம்பெனிகளில் அதிகம் படித்தவர்களின் சம்பளம் ஏறியது, குறைவாகப் படித்தவர்களின் சம்பளம் இறங்கியது. ஒரே கம்பெனிக்குள் இரண்டும் நடந்திருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

அப்புறம், ஃபீன்ஸ்ட்ரா, ஹான்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1990களில் அமெரிக்கா, மெக்சிகோவை வைத்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவில் குறைந்த திறன் போதும் என்று வெளியே அனுப்பப்படும் வேலை, போய்ச் சேரும் இடத்தில் அங்குள்ள மற்ற வேலைகளைவிடக் கூடுதல் திறன் கேட்கிறது. அதனால் இரண்டு நாட்டிலும் திறன் உள்ளவர்களுக்கே கிராக்கி ஏறி, சம்பள இடைவெளி இரண்டு பக்கமும் விரிகிறது. அங்கே இருக்கிறவன் நம் பிழைப்பைப் பறித்துவிட்டான் என்ற பேச்சை நான் ஒருபோதும் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

மூன்றாம்ஷிஃப்ட்:
படிப்பு, திறன் எல்லாம் சரி. கேள்வி கேட்டவருக்கு நடப்பது வேறு. அவர் வேலை போகவில்லை, போகலாம் என்ற பயம்தான் அவர் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை நான் பேச்சுவார்த்தை மேசையிலேயே பார்த்திருக்கிறேன். சங்கம் கோரிக்கைப் பட்டியலை நீட்டியதும், நிர்வாகத் தரப்பில் ஒருவர் வேறு நாட்டில் ஒரு பீஸுக்கு ஆகும் கூலியை எழுதிய தாளை எதிரே வைத்தார். மிரட்டல் வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் எங்கள் பக்கம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

1994-ல் நாஃப்டா (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையேயான வர்த்தக ஒப்பந்தம்) நடைமுறைக்கு வந்த காலத்தில் அமெரிக்கத் தொழிற்சங்கத் தேர்தல்களை (ஒரு ஆலையில் சங்கம் வேண்டுமா என்று தொழிலாளர்கள் போடும் ஓட்டு) ஆராய்ந்த கேட் பிரான்ஃபென்பிரென்னர், பாதிக்கும் மேற்பட்ட முதலாளிகள் ஆலையை மூடுவோம் என்று பயமுறுத்தியதைப் பதிவு செய்திருக்கிறார். நிஜமாக மூடியவர்கள் அதைவிடக் குறைவு. போகாத வேலைகூடச் சம்பளத்தைக் குறைக்கும் என்பதை இந்தப் பொருளாதார நண்பர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நேர்க்கோடு:
எல்லாப் பழியையும் வெளிநாட்டு மாற்றத்தின் மேல் போட முடியாது. இயந்திரமும் மென்பொருளும் தின்ற வேலைகள் எத்தனையோ. பில் சரிபார்ப்பு வெளியே போகாமல் இருந்தாலும், கொஞ்ச நாளில் மென்பொருள் அதைச் செய்திருக்கும்.

தரவுப்பித்தன்:
@நேர்க்கோடு ஒப்புக்கொள்கிறேன், இரண்டையும் பிரித்து அளப்பது கடினம்தான். ஆனால் ஆட்டர், டார்ன், ஹான்சன் 2013-ல் சீன இறக்குமதி அமெரிக்காவின் வட்டாரங்களை எப்படிப் பாதித்தது என்று பார்த்தார்களே, அதில் ஆலைகளில் வேலைகள் குறைந்தன, சம்பளச் சரிவோ ஆலைக்கு வெளியே உள்ள வேலைகளில்தான் தெளிவாகத் தெரிந்தது. இறக்குமதியும் வேலை மாற்றமும் ஒன்றல்ல, ஆனால் பாதிப்பு பரவும் வழி இதுபோலத்தான்: ஆலையில் வேலை இழந்தவர்கள் கடை, கிடங்கு, காவல் வேலை என்று தேடிப் போகிறார்கள், தேடுகிற ஆள் கூடினால் அங்கே ஏற்கெனவே இருப்பவரின் கூலியும் இறங்குகிறது. ஆலைப் பக்கமே போகாதவர்களும் அடி வாங்குகிறார்கள்.

வேலை இழந்தவர்கள் கதை இன்னும் கொடுமை. பென்சில்வேனியாவில் பல வருஷம் ஒரே இடத்தில் இருந்து ஆட்குறைப்பில் வெளியேறியவர்களை 1993-ல் ஒரு ஆய்வு பின்தொடர்ந்தது (காரணம் எதுவானாலும் சரி, மொத்த ஆட்குறைப்பு). சில வருஷம் கழித்தும் அவர்கள் வருமானம் சுமார் 25% குறைவாகவே இருந்தது. வேறு தொழிலுக்கு மாறும்போது பழைய அனுபவத்துக்கு அங்கே யாரும் காசு தருவதில்லை.

வரவுசெலவு:
நன்றி. அப்படியென்றால் இப்போது நான் என்னதான் செய்வது?

மூன்றாம்ஷிஃப்ட்:
உங்கள் வேலையில் எந்தப் பகுதியை எழுதிவைத்த விதிப்படி யாரும் செய்துவிடலாம், எந்தப் பகுதிக்கு இங்கேயே ஆள் வேண்டும் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வெளியே போன பில்களில் தப்பு வந்தால் இப்போது திருத்துவது யார்? நீங்கள்தான் என்றால் அதை மாதாமாதம் குறித்து வையுங்கள். அடுத்த முறை இன்கிரிமென்ட் கேட்கப் போகும்போது அந்தக் கணக்கோடு போங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள், பிரிவில் மிச்சம் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.