வெந்தய வரியனுக்கு நான்கு கால்தானா?

கேள்வி:
எருக்கஞ்செடியோடு வலைக்கூண்டில் வைத்திருந்த கூட்டுப்புழுவிலிருந்து இப்போதுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வெளிவந்தது. எண்ணினால் நான்கு கால்தான். உறிஞ்சுகுழலும் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கிறது. கீழே செம்பழுப்புத் துளிகள் வேறு. அடிபட்டுவிட்டதா?

பதில் 1:
கால் ஆறும் இருக்கிறது. வரியன் குடும்பத்தில் முன்னங்கால்கள் இரண்டும் குட்டையாகி, தலைக்குக் கீழே மார்போடு ஒட்டி மடங்கியிருக்கும். நடக்கவோ பற்றிக்கொள்ளவோ உதவாது. ஆனால் பெண்ணுக்கு அவை முக்கியம். முட்டையிட வரும்போது அந்தக் கால்களால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்த்துத்தான் எருக்கா வேறு செடியா என்று முடிவு செய்யும். வேறு குடும்பப் பட்டாம்பூச்சியான எலுமிச்சை அழகியைப் பாருங்கள், ஆறு கால்களாலும் நிற்கும்.

துளிகள் ரத்தம் இல்லை, கூட்டுப்புழுப் பருவத்தில் சேர்ந்த கழிவு.

பதில் 2:
குழலைத் தொட வேண்டாம். கூட்டிலிருந்து வெளிவரும்போது அது இரண்டு பாதிதான். ஒவ்வொன்றும் உட்புறம் பள்ளமான நீண்ட வாய்க்கால் மாதிரி. சுருட்டிச் சுருட்டி நீட்டும்போது ஓரத்துக் கொக்கிகள் ஜிப் போலக் கோத்துக்கொள்ளும், உமிழ்நீரும் துணை செய்யும். இணைந்த பிறகுதான் நடுவில் குழாய் உண்டாகிறது. தலைக்குள் இருக்கும் பம்பு தேனை இழுக்கிறது. இணையாமலே காய்ந்துவிட்டால் உறிஞ்ச முடியாது, பட்டினிதான்.

இறக்கையையும் கவனியுங்கள். வயிற்றிலிருந்து உடல்திரவத்தை நரம்புகளுக்குள் தள்ளித்தான் அதை விரிக்கிறது. அதற்குத் தலைகீழாகத் தொங்க இடம் வேண்டும். வழவழப்பான டப்பாவில் வழுக்கி விழுந்தால் இறக்கை சுருங்கியபடியே இறுகிவிடும், பிறகு நீவிச் சரிசெய்ய முடியாது. விரிந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் காயட்டும்.

கேட்டவர்:
குழல் சேர்ந்துவிட்டது, நன்றி! சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா? ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 2:
முதல் சில மணி நேரம் உணவு தேவைப்படாது. வெயில் வந்ததும் வெளியே விடுங்கள், அதுவே போதும். மழையால் விட முடியாவிட்டால் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, பாதம் படும்படி வையுங்கள். பாதத்திலேயே சுவை உணர்வு உண்டு. இனிப்புப் பட்டதும் குழல் தானாக நீளும். பாகு கெட்டியானால் குழலில் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பதில் 1:
பின்னிறக்கையின் நடுவில் கறுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் பெண். நான்காவதாகத் தடித்த ஒன்று, அடிப்பக்கம் நடுவில் வெள்ளையோடு இருந்தால் ஆண். அது வாசனைப் பை. கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளின் சாற்றை ஆண்கள் தேடிப்போய் உறிஞ்சுவது பெண்ணைக் கவரும் அந்த வாசனையைத் தயாரிக்கத்தான்.