லைக் குவிந்தும் கூகுள் தேடலில் பக்கம் மேலேறாதது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பது குறித்து 2 ஆண்டுகளாக ஓர் இணையதளம் நடத்தி வருகிறேன். ‘மேல்நூல் இழுவிசையைச் சீரமைக்கும் முறை’ என்ற கட்டுரையைச் சென்ற மாதம் காணொளியாக்கி ஃபேஸ்புக்கில் இட்டேன். அதற்கு 9,000 லைக்குகளும் 300க்கும் மேற்பட்ட பகிர்வுகளும் கிடைத்தன. ஆனால் தளம் தேடலில் எப்படித் தென்படுகிறது என்பதைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், அந்தக் கட்டுரைக்கு வரும் க்ளிக்குகள் பழைய அளவிலேயே நிற்கின்றன. தேடலில் இரண்டாம் பக்கத்தில் கிடந்தது அங்கேயேதான் கிடக்கிறது. சமூக ஊடக வரவேற்பு தரவரிசையை உயர்த்தும் என்று பல இடங்களில் படித்து, அதை நம்பித்தான் இவ்வளவு உழைத்தேன். இந்த உழைப்பைத் தொடரலாமா, அல்லது அந்த நேரத்தையும் கட்டுரைகளுக்கே கொடுத்துவிடலாமா?

பதில் 1

நீங்கள் படித்தவை முரண்படுவதற்குக் காரணம் உண்டு. ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் பகிரப்படும் இணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதாக 2010 டிசம்பரில் கூகுள் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. பிறகு 2014 ஜனவரியில், அப்போது அங்கே பணியாற்றிய மேட் கட்ஸ், அந்தத் தளங்களின் பக்கங்களை மற்ற எந்த இணையப் பக்கத்தையும் போலவே பார்க்கிறோம் என்றும், லைக் எண்ணிக்கையையோ பின்தொடர்வோர் எண்ணிக்கையையோ தரவரிசைக்குப் பயன்படுத்தவில்லை என்றும் ஒரு காணொளியில் விளக்கினார். முந்தைய கூற்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

300 பகிர்வுகள் என்பவை 300 பேக்லிங்க்குகள், அதாவது பிற தளங்கள் உங்கள் பக்கத்துக்குத் தரும் இணைப்புகள், அல்ல. சமூக ஊடகங்களில் இடப்படும் இணைப்புகளில் பெரும்பாலும், தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ என்ற குறியீடு சேர்க்கப்படுகிறது. 2005இல் வந்த அந்தக் குறியீட்டைக் கட்டாய உத்தரவாகக் கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்று 2019இல் கூகுள் அறிவித்தது உண்மைதான்; ஆயினும் அதை நம்பித் திட்டமிட இயலாது. மேலும், உள்நுழைந்தால் மட்டுமே தெரியும் பதிவுகளைத் தேடுபொறிக்காகப் பக்கங்களைத் தானாகப் படித்துச் சேகரிக்கும் நிரலான க்ராலரால் படிக்கவே முடியாது. பணம் கொடுத்தால் லைக் வாங்கிவிடலாம் என்றிருக்கும் நிலையில், அதை ஒரு தேடுபொறி நம்பாமலிருப்பதே தேடுகிறவர்களுக்கு நல்லது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பதில் 2

முதல் பதிலில் உள்ள செய்திகள் சரியானவை. ஆனால் அதைப் படித்துவிட்டு நீங்கள் சமூக ஊடகத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். லைக் போடுகிற ஆயிரம் பேரில் சொந்தமாக ஒரு தளமோ வலைப்பூவோ வைத்திருப்பவர் ஒருவர் இருந்து, அவர் உங்கள் கட்டுரையைத் தம் பக்கத்தில் இணைத்தால், அந்த ஓர் இணைப்புக்குத் தேடலில் மதிப்பு உண்டு. அப்படிப்பட்டவர் கண்ணில் கட்டுரை படுவதற்குத்தான் பகிர்வு உதவுகிறது. நிறையப் பகிரப்படும் பக்கங்கள் தேடலிலும் மேலே நிற்பதைப் பார்த்துவிட்டு முன்னது பின்னதற்குக் காரணம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பக்கம் நன்றாக இருப்பதே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம்.

உங்கள் காணொளியில் இன்னொரு குறை இருக்கக்கூடும். தீர்வு முழுவதையும் காணொளியிலேயே சொல்லிவிட்டிருந்தால், பார்த்தவர் தளத்துக்கு வர வேண்டிய தேவையே எழுந்திருக்காது. படமும் அளவுகளும் கொண்ட விரிவான பகுதியைத் தளத்தில் வைத்து, அது அங்கே இருப்பதைக் காணொளியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காணொளிக்குக் கீழே வந்த கருத்துகள். அவற்றை ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பாருங்கள். அங்கே ஒருவர்கூட ‘மேல்நூல் இழுவிசை’ என்று எழுதியிருக்க மாட்டார். ‘நூல் அறுந்துக்கிட்டே இருக்கு’, ‘தையல் விட்டு விட்டு விழுது’, ‘டென்ஷன் எத்தனையில வைக்கணும்’ என்றுதான் கேட்டிருப்பார்கள். தேடல் பெட்டியிலும் அவர்கள் அதே சொற்களைத்தான் தட்டச்சு செய்கிறார்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்து தவிப்பவரின் சொல் உங்கள் தலைப்பிலும் முதல் பத்தியிலும் இல்லையென்றால், அவருக்கான விடை உங்களிடம்தான் இருக்கிறது என்பதைத் தேடுபொறி எப்படி அறியும்? சமூக ஊடகம் உங்களுக்கு இலவசமாகத் தரும் மிகப் பெரிய உதவி இந்தச் சொற்கள்தான் என்பது என் அனுபவம்.

பதில் 3

அளவீடு பற்றிச் சிறு குறிப்பு. வாட்ஸ்ஆப் வழியாக வருபவர்கள், தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் அனலிடிக்ஸ் கருவியில் பெரும்பாலும் ‘டைரக்ட்’ (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்) கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே பகிரும் முகவரியின் இறுதியில், வருகை எங்கிருந்து என்று காட்டும் யூடிஎம் குறிகளைச் சேருங்கள். குறிகள் சேர்ந்த முகவரி தனிப் பக்கமாகக் கருதப்படாமலிருக்க, எது அசல் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனோனிக்கல் குறிச்சொல் அசல் முகவரியைக் காட்டுகிறதா என்பதையும் சரிபாருங்கள். தளத்தின் பெயரைச் சொல்லித் தேடுவோர் கூடியிருக்கிறார்களா என்பதைச் சர்ச் கன்சோலில் தனியாக வடிகட்டிப் பார்க்கலாம். காணொளி பரவியதன் பலன் முதலில் அங்கே தெரிய வாய்ப்பு உண்டு.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. கருத்துகள் அனைத்தையும் படித்தேன். ‘இழுவிசை’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கட்டுரையின் தலைப்பை ‘தையல் மெஷினில் நூல் அடிக்கடி அறுந்துபோனால் என்ன செய்வது’ என்று மாற்றி, முதல் பத்தியையும் அதற்கேற்பத் திருத்தினேன். இதுவரை ஒருமுறைகூடத் தென்படாத ‘நூல் அறுந்து போகிறது’ என்ற தேடல் சொல்லுக்கு இப்போது இம்ப்ரெஷன்கள் (தேடல் முடிவுகளில் பக்கம் தென்பட்ட தடவைகள்) பதிவாகத் தொடங்கியுள்ளன. க்ளிக்குகள் இன்னும் சிலவே.

சர்ச் கன்சோலின் இணைப்புகள் பகுதியில், தையல் கற்பிக்கும் ஓர் ஆசிரியையின் வலைப்பூ புதிதாக வந்திருப்பதையும் கண்டேன். எங்கே பார்த்தீர்கள் என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். அந்த 9,000 லைக் காணொளியை அவர் பார்த்ததே இல்லையாம். ஊசியில் நூல் கோக்கும் வழியை எண்ணிட்டு நான் வரைந்து பகிர்ந்திருந்த படம் ஒன்று, வெறும் 41 லைக் பெற்றது, அவருடைய மாணவி ஒருவர் மூலம் அவரை எட்டியிருக்கிறது. ‘தையல் விட்டு விட்டு விழுவது’ பற்றி அதே போன்ற படத்தை இந்த வாரம் வரையத் தொடங்கியிருக்கிறேன்.