‘பனிப்பூஞ்சை’ என்ற சொல் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் திடல்களின் புல்தரையில் குளிர்காலத்தில் தோன்றும் பூஞ்சை நோய்கள் அனைத்தையும் ‘பனிப்பூஞ்சை’ எனக் குறிக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். சொல் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் ‘பனி’ என்பது விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும், பொழிந்து தரையை மூடும் வெண்பனியையும் குறிக்கும். இந்நோய்களைப் பிரித்தறிய உதவுவதே அந்த வேறுபாடுதான்.

இந்நோய்களை உண்டாக்கும் பூஞ்சைகளுள் ஒன்றான டைஃபுலா, நோயாக முற்றுவதற்கு வெண்பனி பல வாரங்கள் மூடிக்கிடக்க வேண்டும். அது உருகியதும் சாம்பல்நிற இழை படர்ந்த வெளிறிய வட்டங்கள் தெரியும்; மடிந்த இலையைக் கிள்ளிப் பார்த்தால், கடுகளவிலோ அதனினும் சிறிதாகவோ செம்பழுப்பு அல்லது கருநிற உருண்டைகள் ஒட்டியிருக்கும். கோடையை அப்பூஞ்சை அந்த உருவிலேயே கழிக்கிறது. மைக்ரோடோக்கியம் நிவாலே என்ற மற்றொரு பூஞ்சை அப்படியன்று. வெண்பனிக்கு அடியிலும் வளரும். வெண்பனியே விழாத இடத்திலும், குளிரோடு இலையீரமும் நீடித்தால், செம்பழுப்புத் திட்டுகளாகப் பரவும். (‘நிவாலே’ என்பதே லத்தீனில் வெண்பனியைச் சுட்டும் அடைமொழி, அந்தச் சறுக்கலைத் தமிழிலும் தொடர வேண்டியதில்லை.)

பராமரிப்பும் இதற்கேற்ப மாறுகிறது. டைஃபுலாவுக்கான பூஞ்சைக்கொல்லியை வெண்பனி நிலைத்து மூடுவதற்கு முன்பே தெளித்துவிட வேண்டும். மைக்ரோடோக்கியத்துக்கோ இலையுதிர்கால இறுதியில் தழைச்சத்தைக் குறைப்பதும், நிழல் கட்டும் கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் உண்டாக்குவதும், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படும் குழித்தளப் (பந்தைக் குழிக்குள் உருட்டும் பகுதி) புல்லின் மேல் காலையில் கயிற்றை இழுத்துத் துளிகளை உதிர்ப்பதும் மருந்தைப் போலவே முக்கியம்.

ஆகவே டைஃபுலாவால் வருவதை ‘வெண்பனிப் பூசணம்’ என்றும், மைக்ரோடோக்கியத்தால் வருவதை, அது வெண்பனிக்கு அடியில் வந்தாலும், ‘குளிர்த்திட்டு நோய்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. முன்னதைச் ‘சாம்பல் பூசணம்’ எனச் சுருக்க வேண்டாம். ‘சாம்பல் நோய்’ என்பது இலைமேல் மாவுபோல் படியும் வேறொரு நோய்க்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘திட்டு’க்குப் பதிலாகத் ‘தேமல்’ என்னை ஈர்த்ததுண்டு. அதையும் வைரஸ் நோய்கள் முன்பே எடுத்துக்கொண்டன. ‘பூஞ்சை’ உயிரியைக் குறிக்கட்டும், ‘பூசணம்’ கண்ணுக்குத் தெரியும் படர்வைக் குறிக்கட்டும் என்று பிரித்திருக்கிறேன்; ‘பூஞ்சணம்’ என்றே எழுத விரும்புவோரிடம் எனக்கு வழக்கில்லை.