ஜிம்ல சேந்த புதுசுல உடம்பு வலி எப்படி இருந்துச்சு, உங்க கதையச் சொல்லுங்க

அம்பத்தூர் ஆளு:
வணக்கம் மக்களே. வயசு 38, ஐடி வேலை, காலேஜ் முடிச்சப்புறம் உடற்பயிற்சின்னு ஒண்ணும் பண்ணதில்ல. சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னாரு, சரின்னு வீட்டுப் பக்கத்து ஜிம்ல சேந்துட்டேன். ஆரம்பத்துல ட்ரெட்மில், சைக்கிள்னு ஓட்டிட்டு இருந்தேன், அப்புறம் மாஸ்டர் இன்னிக்கு லெக் டேன்னு சொல்லி ஸ்குவாட், லஞ்சஸ், லெக் பிரஸ்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல செட் செட்டா போட வெச்சுட்டாரு. கூத்து என்னன்னா அன்னிக்கு சாயங்காலம் ஒண்ணுமே தெரியல, மொட்டை மாடி ஏறி காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன், பொண்டாட்டிகிட்ட நமக்கு உடம்பு அப்பவே செட்டாயிடுச்சுன்னு பீத்திக்கிட்டேன். மறுநாள் காலைல லேசா ஒரு பிடிப்பு. அதுக்கும் அடுத்த நாள்தான் சங்கதி தெரிஞ்சுது.

எங்க வீட்ல இந்தியன் டாய்லெட். உக்காரும்போது ஒரு கையால குழாயப் பிடிச்சேன், எந்திரிக்கும்போது ரெண்டு கையாலயும் பிடிச்சேன், குழாய் கையோட வந்துருமோன்னு பயமாயிடுச்சு. ஸ்டேஷன்ல ஓவர்பிரிட்ஜ் ஏறுறது கூட பல்லக் கடிச்சுட்டு ஏறிட்டேன், இறங்குறதுதான் முடியல, கம்பியப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்குறேன், பின்னாடி ஒருத்தர் "அண்ணா ஆபரேஷனா?"ன்னு கேக்குறாரு. ஆபீஸ்ல சேர்ல உக்காரும்போது பாதி வரைக்கும் நான் உக்காருவேன், மீதிய தொப்புன்னு சேர் பாத்துக்கும்.

மாஸ்டர்கிட்ட கேட்டா லாக்டிக் ஆசிட் தங்கிடுச்சு, இன்னிக்கும் வந்து அதே போட்டா கரைஞ்சிரும்ங்கிறாரு. உண்மையா? உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு?

திருச்சி அக்கா:
படிச்சுட்டு சிரிச்சுட்டே இருந்தேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இதே கதை கையில நடந்துச்சு. பிசிஓடி இருக்குன்னு டாக்டர் நடந்தா மட்டும் பத்தாது, கொஞ்சம் வெயிட்டும் தூக்கும்மான்னாங்க. லேடீஸ் பேட்ச்ல சேந்து டம்பெல் வெச்சு பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ், ஷோல்டர்னு போட்டேன். ரெண்டாம் நாள் காலைல தலை சீவ கைய மேல தூக்கறேன், தோளுக்கு மேல வரவே மாட்டேங்குது. பின்னல் போட முடியாம கிளிப்ப மாட்டிட்டு கிளம்பினேன். முழங்கை முழுசா நீட்ட வரல, மடங்கின மேனிக்கே நிக்குது, ஸ்கூல் வேன் ஏறுன பொண்ணுக்கு டாட்டா காட்டுனா பாதி கைதான் ஆடுது.

சாயங்காலம் வந்து சுடிதார் டாப்ப கழட்டறேன், தலை வரைக்கும் வந்துடுச்சு, அதுக்கு மேல கை போகல. மேலயும் போகாம கீழயும் வராம துணிக்குள்ள தலைய வெச்சுக்கிட்டு நின்னேன், வீட்டுக்காரர கூப்பிட்டு உருவி எடுக்கச் சொன்னேன். மாமியார் பாத்துட்டு "இதுக்கு காசு வேற குடுக்கறியா, அம்மிய அரைக்கச் சொன்னா அரைக்க மாட்ட"ன்னாங்க. சொன்னாங்களே ஒழிய அன்னிக்கு ராத்திரி நல்லெண்ணெய்ல கற்பூரம் போட்டுக் காய்ச்சி அவங்கதான் தேச்சு விட்டாங்க. தேக்கும்போது சுகமா இருந்துச்சு, காலைல பழையபடி வலிதான். நாலாம் நாள் தானா விட்டுருச்சு, பேர் மட்டும் எண்ணெய்க்குப் போச்சு.

கோவை பிசியோ:
நான் பிசியோதெரபிஸ்டுங்க, ஜனவரி மாசம் ஆச்சுன்னா இதே கேஸ் தினமும் வரும், புது வருஷ சபதம்ல. அம்பத்தூர் அண்ணா, உங்க மாஸ்டர் சொன்னது ரொம்ப பழைய நம்பிக்கைங்க. லாக்டிக் ஆசிட்னு சொல்றாங்களே, சதை கடுமையா வேலை செய்யும்போது உண்டாகறது, அது எக்சர்சைஸ் முடிஞ்சு ஒரு மணி நேரம் வாக்குல ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துரும். உங்களுக்கு வலி உச்சத்துக்கு வந்தது ரெண்டாம் நாள். எப்பவோ காலி பண்ணிட்டுப் போனவன் மேல கேஸ் போட்டு என்னங்க பிரயோஜனம்.

1983ல அமெரிக்காவுல இதை நேராவே சோதிச்சுப் பாத்தாங்க. ட்ரெட்மில்ல ஒரு தடவை சமதளமா ஓட விட்டாங்க, இன்னொரு தடவை இறக்கமா சாய்ச்சு வெச்சு ஓட விட்டாங்க. சமதளத்துல ஓடுனப்போ லாக்டிக் ஆசிட் ஏறுச்சு, ஆனா அடுத்த நாள் வலியே இல்ல. இறக்கத்துல ஓடுனப்போ லாக்டிக் ஆசிட் ஏறவே இல்ல, வலி மட்டும் பின்னிருச்சு.

ஏன்னா சதை ரெண்டு விதமா வேலை செய்யுதுங்க. எடைய மேல தூக்கும்போது சுருங்கிக்கிட்டே இழுக்குது. மெதுவா கீழ இறக்கும்போது நீண்டுக்கிட்டே தாங்குது. இந்த நீண்டுக்கிட்டே தாங்குற வேலை பழக்கமில்லாத சதைக்கு வந்தா, நாருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுல சேதம் ஆகுது, அதச் சரிபண்ண உடம்பு ஆள் அனுப்புது, லேசா வீக்கம் வருது, அங்க இருக்கற நரம்பெல்லாம் கூச்சம் கொடுக்குது. இதெல்லாம் நடக்க நேரம் ஆகறதாலதான் வலி லேட்டா வருது, 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானா எறங்கும். நீங்க ஓவர்பிரிட்ஜ்ல ஏறிட்டேன் இறங்கத்தான் முடியலன்னு சொன்னீங்களே, இறங்கறப்ப முன்தொடைக்கு அதே தாங்குற வேலைதாங்க. வெள்ளியங்கிரி போய்ட்டு வர்றவங்களக் கேட்டுப் பாருங்க, ஏறுனது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குனதுதான் ரெண்டு நாள் கழிச்சு தொடைல பேசும்.

ஒட்டன்சத்திரம்:
நான் மார்க்கெட்ல மூட்டை எறக்கற ஆளுங்க. வெங்காய மூட்டைய தோள்ல போட்டு லாரில இருந்து எறக்கறதுதான் தொழில். ஊர்ல புதுசா ஜிம் தொறந்தாங்க, பசங்க கூட்டிட்டுப் போனானுக, நான் பாக்காத வெயிட்டாடான்னுட்டுதான் போனேன். அங்க ஒரு கோச் தம்பி பார்பெல்ல குடுத்து, காலை அதிகம் மடக்காம முதுக நேரா வெச்சுக்கிட்டு மெதுவா முழங்காலுக்குக் கீழ வரைக்கும் எறக்குங்கண்ணேன்னான், ரொமேனியன்னு ஏதோ பேர் சொன்னான். வெயிட்டு ஒண்ணும் பெருசில்ல, எங்க மூட்டைல பாதி கூட வராது. மூணாம் நாள் பின்தொடை ரெண்டும் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு, குனிஞ்சு செருப்ப மாட்ட முடியல, மார்க்கெட்ல எல்லாவனும் சிரிக்கறான். இத்தனை வருசம் தூக்குன உடம்புக்கு இது ஏன் வந்துச்சுன்னு அப்ப புரியல, இப்ப பிசியோ தம்பி சொன்னதுல வெளங்குது. நாங்க மூட்டைய தூக்குவோம், தோள்ல இருந்து தொப்புன்னு போட்டுருவோம், மெதுவா எறக்கறது எங்க வேலையிலயே கெடையாது.

பழைய பஸ்கி:
தம்பிகளா, எனக்கு 60 தாண்டியாச்சு. எங்க காலத்துல தேகப்பயிற்சி சாலைன்னுதான் பேரு, மண் தரை, சுவத்துல ஆஞ்சநேயர் படம், ரெண்டு கர்லா கட்டை, ஒரு பார், அவ்ளோதான். புதுசா வர்ற பையன வாத்தியார் மொத வாரம் கர்லா கட்டையத் தொடவே விட மாட்டாரு. கொஞ்சம் தண்டால், கொஞ்சம் பஸ்கி, போதும் வீட்டுக்குப் போன்னுருவாரு. நாங்க இன்னும் போடறோம் வாத்தியாரேன்னு நிப்போம், நாளைக்கு வர்றவன்தான்டா எனக்கு வேணும்னு விரட்டுவாரு. அவருக்கு இந்த அமெரிக்கா ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணும் தெரியாது, ஆனா மொத நாளே பையன நொறுக்குனா மறுநாள் வர மாட்டான்னு தெரியும். இப்ப மாஸ்டருங்க வருஷ பீஸ மொத்தமா வாங்கிடறாங்க, நீ வந்தா என்ன வராட்டி என்ன.

சாப்பாட்டுக்கு ஊற வெச்ச வேர்க்கடல, முட்டை, ஞாயித்துக்கிழமை உளுந்தங்களி. வலிக்கு வெந்நீர் குளியல், வேற ஒண்ணும் கிடையாது.

கோவை பிசியோ:
ஐயா உங்க வாத்தியார் சொன்னதுக்கு இப்ப ஆதாரமே இருக்குதுங்க. ஒரு தடவை லேசா பண்ணி சதைக்குப் பழக்கிட்டா, அடுத்த தடவை அதே வேலைக்கு வலி ரொம்ப கம்மியா வரும், அந்தக் காப்பு பல வாரத்துக்கு நிக்கும். அதனால மொத செஷன்ல ரெண்டு செட்டு, சின்ன எடை, இன்னும் நாலஞ்சு ரெப்ஸ் போடலாம்னு தோணும்போதே நிறுத்திக்கணும். அம்பத்தூர் அண்ணா, இன்னிக்கே போய் அதே லெக் டே போடாதீங்க. வலி இருக்கற வரைக்கும் அந்தச் சதைக்கு பலமும் கம்மியாத்தான் இருக்கும், பாரோட சாஞ்சிருவீங்க. நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, உடம்பு சூடாகறப்ப வலி கொஞ்சம் விடும், உக்காந்தா திரும்ப வரும், அது சகஜம்.

ஸ்ட்ரெச்சிங் பண்ணா வலி வராதுன்னு எல்லா ஜிம்லயும் சொல்லுவாங்க. காக்ரேன்னு ஒரு அமைப்பு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாங்க, மறுநாள் வலி 100 மார்க்ல சராசரியா ஒரு மார்க் குறையறதே பெருசுன்னு வந்துச்சு. மசாஜுக்கு கொஞ்சம் பலன் இருக்கு, மாமியார் கைக்கு கூடவே இருக்கலாம்.

ராத்திரி ஷிப்ட்:
சிரிப்பா போய்ட்டு இருக்கு, நடுவுல ஒரு சீரியஸ் விஷயம் சொல்லிடறேன். என் சித்தப்பா பையன், வயசு 24, நல்லா ஆரோக்கியமான பையன்தான், ரொம்ப நாள் விட்டுட்டு திரும்ப ஜிம் போனான். எந்த ஜிம்முன்னு சொல்ல விரும்பல. சேந்த அன்னிக்கே பசங்களுக்குள்ள சேலஞ்ச், யார் அதிகமா ஸ்குவாட் போடறான்னு, ட்ரெய்னர் நிறுத்தச் சொல்லாம கைதட்டி எண்ணிட்டு இருந்திருக்காரு. மறுநாள் தொடை வீங்கி ஜீன்ஸ் ஏறல. சதை வலிதானன்னு வலி மாத்திரைய போட்டுட்டுப் படுத்துட்டான். அதுக்கு அடுத்த நாள் யூரின் கடுங்காப்பி கலர்ல போயிருக்கு. வீட்ல சொல்ல வெக்கப்பட்டு சாயங்காலம் வரைக்கும் சொல்லல. எனக்கு போட்டோ அனுப்பி "அண்ணா இது சூடா இருக்குமா, இளநீ குடிக்கட்டுமா"ன்னு கேட்டான், நான் நேரா ஆட்டோ புடிச்சு கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டுப் போனேன். சதை உடைஞ்சா ரத்தத்துல ஏறுற சிபிகேன்னு ஒண்ணு பாத்தாங்க, சாதாரணமா 200க்குள்ள இருக்கணுமாம், இவனுக்கு 40,000 தாண்டி இருந்துச்சு. நாள் கணக்கா டிரிப்ஸ் ஏத்துனாங்க. கிட்னி தப்பிச்சுது. டாக்டர் மாத்திரை கவரைப் பாத்துட்டுதான் ரொம்ப கோவப்பட்டாரு.

கோவை பிசியோ:
நல்ல நேரத்துல கூட்டிட்டுப் போனீங்க. இதுக்கு ராப்டோமயோலிசிஸ்னு பேருங்க. சதை நாரு ரொம்ப உடைஞ்சு உள்ள இருக்கற மயோகுளோபின் ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்கும். யூரின் கலர் கருத்தாலோ, வீக்கம் ஏறிக்கிட்டே போனாலோ, வலி நாளாக ஆக கூடிக்கிட்டே போனாலோ எண்ணெய் தேச்சுட்டு உக்காராதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிதான். புரூபென், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைய உடம்புல தண்ணி வத்துன நேரத்துல போட்டா கிட்னிக்கு இன்னும் சுமை, டாக்டர் கோவப்பட்டது அதுக்குத்தான். அப்புறம் ஜிம்ல இருக்கும்போதே சுருக்குன்னு ஒரே இடத்துல வலிச்சாலும், ஒரு பக்கம் மட்டும் வலிச்சாலும், மூட்டுக்குள்ள வலிச்சாலும் அது இந்த வலி இல்லீங்க, அடிபட்ட வலி, காட்டிருங்க.

மதுரக்காரன்:
எல்லாரும் பயமுறுத்துறீங்களேய்யா. எனக்கெல்லாம் மறுநாள் வலிக்கலைன்னா ஜிம் போன திருப்தியே இருக்காது. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஆ ஊன்னு படுக்கைல இருந்து எந்திரிச்சாத்தான் ஏதோ பண்ணியிருக்கோம்னு இருக்கும். வலி இல்லாம சதை எப்படிங்க ஏறும்?

திருச்சி அக்கா:
தம்பி அதெல்லாம் ஏறும். எனக்கு இப்ப வலியே வர்றதில்ல, வந்தாலும் பேருக்குத்தான். ஆரம்பத்துல ரெண்டு கிலோ டம்பெல் தூக்கவே கை நடுங்குச்சு, இப்ப ஏழரை தூக்கறேன், கேஸ் சிலிண்டர நானே உருட்டி மாட்டறேன், மாமியாரே பக்கத்து வீட்ல போய் சொல்லிட்டு வந்துட்டாங்க. வலிய வெச்சுப் பாத்தா நான் இத்தனை மாசம் சும்மா போய்ட்டு வந்தேன்னுதான் சொல்லணும். நோட்டுல எழுதி வெச்ச வெயிட்டப் பாத்தாத்தான் தெரியுது.

மதுரக்காரன்:
ஏழரையா! சரிக்கா, நோட்டு ஒண்ணு வாங்கறேன். ஆனா லேசா வலிக்கறது எனக்குப் புடிச்சிருக்கு, அத விடச் சொல்லாதீங்க.

அம்பத்தூர் ஆளு:
எல்லாருக்கும் நன்றி. பிசியோ சார் சொன்ன மாதிரி வலி சுத்தமா விட்டப்புறம்தான் லெக் பக்கம் போனேன். மாஸ்டர் பழையபடி பிளேட்டு மாட்ட வந்தாரு, வேணாம் மாஸ்டர் வெறும் பார் போதும்னுட்டேன், அதுவே 20 கிலோ இருக்கு. ரெண்டே செட்டு. மறுநாள் தொடை லேசா ஞாபகப்படுத்துச்சு, அவ்ளோதான், ஓவர்பிரிட்ஜ்ல எல்லாரோடயும் சேந்து இறங்குனேன்.

ஆனா காலுக்குப் பழக்குனது நெஞ்சுக்குத் தெரியாதாம்ல. முந்தாநாள் மொதல் தடவையா செஸ்ட் போட்டேன், பெஞ்ச் பிரஸ் கம்மியாத்தான் போட்டேன், கடைசில மாஸ்டர் ஆசைக்கு ஒரு செட்டு டம்பெல் பிளை, படுத்துக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு இறக்கறது. இப்ப இருமுனா நெஞ்சு வலிக்குது, கதவ தள்ளுனா வலிக்குது, தும்மல் வந்தா மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்துடறேன். இதுல வீட்ல எல்லாருக்கும் ஜலதோஷம், காலைல இருந்து எனக்கும் மூக்கு அரிக்க ஆரம்பிச்சிருக்கு.